திபெத்திய ரத்தம் இருந்தால் லேயில் மூச்சு வாங்காதா?

கேள்வி: மைசூரில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்காளராக இருக்கிறேன், வயது 41. மனைவி பைலகுப்பே திபெத்தியக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய தாத்தா திபெத்தின் திங்ரி பகுதியிலிருந்து அகதியாக வந்தவர். எங்களுக்கு ஒன்பது வயதில் ஒரு மகள். ஜூன் மாதம் டெல்லியிலிருந்து விமானத்தில் லடாக்கின் லே போய், பக்கத்துச் சோக்லம்சரில் இருக்கும் மனைவியின் சித்தி வீட்டில் தங்கி, பாங்கோங் ஏரிவரை சுற்றிவரலாம் என்று திட்டம். "அதெல்லாம் எங்க ரத்தத்துலயே இருக்கு, எனக்கும் பொண்ணுக்கும் ஒண்ணும் ஆகாது" என்கிறார் மனைவி. ஆர்வத்தில் எச்சில் அனுப்பிப் பார்க்கும் டிஎன்ஏ டெஸ்ட் எடுத்தோம். அவருக்குப் பாதிக்கு மேல் திபெத், மீதியில் பெரும்பகுதி ஷெர்பா என்று வந்தது. குடும்பத்தில் ஷெர்பா யாருமே கிடையாது. அந்த உயரத்து மரபணு மகளுக்கு வந்திருக்குமா? இன்னொன்று: மனைவிக்கு ஹீமோகுளோபின் 10.8. டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதினார். "திபெத்தியர்களுக்குக் குறைவாகத்தான் இருக்கும்" என்று அவர் அதைத் தொடுவதே இல்லை.

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

கடைசியாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த 10.8, அதிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் கடிதத்தில் அவசரமான விஷயம் அதுதான். மனைவி எங்கோ படித்தோ கேட்டோ தெரிந்துகொண்டதில் ஒரு உண்மை இருக்கிறது. ஆனால் அது அவருடைய ரத்தசோகைக்குப் பொருந்தாது.

1998-இல் சிந்தியா பீல் என்ற அமெரிக்க மானுடவியலாளரும் அவருடைய குழுவினரும் ஒரு ஒப்பீட்டை வெளியிட்டார்கள். ஏறக்குறைய 4,000 மீட்டர் உயரத்தில் வாழும் திபெத்தியர்களையும், அதே உயரத்தில் பொலிவியாவில் வாழும் ஆய்மாரா மக்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார்கள். ஆய்மாரா ஆண்களுக்குச் சராசரி ஹீமோகுளோபின் 19.2, பெண்களுக்கு 17.8. திபெத்திய ஆண்களுக்கு 15.6, பெண்களுக்கு 14.2. திபெத்தியர்களுக்கு "குறைவு" என்று சொல்வது இந்தக் கணக்கில்தான். பதின்மூன்றாயிரம் அடி உயரத்தில் மற்றவர்களுக்கு ரத்தம் கெட்டியாகிக்கொண்டே போகும்போது, இவர்களுக்கு ஏறக்குறைய சமவெளி அளவிலேயே நிற்கிறது. அந்தக் குறைந்த அளவுகூட பெண்களுக்கு 14.2 என்பதைக் கவனியுங்கள். மைசூர் கடல்மட்டத்திலிருந்து 800 மீட்டரைக்கூடத் தொடாத ஊர். அங்கே இருந்துகொண்டு 10.8 என்றால் அது திபெத்தியத் தன்மை இல்லை, சாதாரண ரத்தசோகை. மாத்திரை எழுதிய டாக்டர் சொன்னது சரி.

அதோடு, இரும்புச்சத்து இந்த உயரத்து விவகாரத்தின் நடுவிலேயே உட்கார்ந்திருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள, உடம்பு ஆக்ஸிஜன் குறைவை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

வீட்டு மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் இறங்கினால் தானாக மோட்டாரை ஓடவிடும் சுவிட்ச் இருக்கிறதல்லவா, அப்படி ஒன்று நம் செல்களுக்குள் இருக்கிறது. ஹிஃப் என்ற புரதம்தான் மோட்டாரைக் கிளப்புவது. ஆக்ஸிஜன் தாராளமாக இருக்கும்வரை ஒரு நொதி அந்தப் புரதத்தை உடனுக்குடன் அழிக்கக் குறி வைத்துக்கொண்டே இருக்கும். ஆக்ஸிஜன் குறைந்தால் நொதி தளர்ந்துவிடும், ஹிஃப் சேரும், எரித்ரோபாய்டின் என்ற ஹார்மோன் சுரக்கும், எலும்பு மஜ்ஜை சிவப்பணுக்களைக் கூடுதலாகத் தயாரிக்கும். அந்த நொதி வேலை செய்ய ஆக்ஸிஜன் மட்டும் போதாது, இரும்பும் வேண்டும். ஆகவே இரும்பு குறைந்த உடம்பு, மைசூரில் இருக்கும்போதே கொஞ்சம் மலைமேல் இருப்பதுபோல நடந்துகொள்ளும். நிஜமாகவே மலைமேல் போனால் நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் வழக்கத்தைவிடக் கூடுதலாக ஏறும். உங்கள் மனைவி மாத்திரையை ஒதுக்கிவிட்டு லே போவது, நீங்கள் எல்லோரும் நம்பியிருக்கும் அந்தப் பாதுகாப்பில் தானே ஓட்டை போட்டுக்கொள்வதுபோல. இப்போதே ஆரம்பித்தால் ஜூனுக்குள் நல்ல மாற்றம் தெரியும். ஏன் குறைந்தது என்பதையும் டாக்டரிடம் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி மரபணு.

மேலே சொன்ன ஹிஃப் புரதத்தின் ஒரு வகையைத் தயாரிக்கும் மரபணுவின் பெயர் ஈபாஸ்-1. குறி வைக்கும் நொதியின் மரபணு ஈஜிஎல்என்-1. 2010-இல் வெவ்வேறு குழுக்கள் தனித்தனியாகத் திபெத்தியர்களின் மரபணுத் தொகுதியை ஆராய்ந்து, இந்த இரண்டு இடங்களிலும்தான் இயற்கைத் தேர்வின் தடம் அழுத்தமாக விழுந்திருக்கிறது என்று கண்டுபிடித்தன. ஈபாஸ்-1 மரபணுவில் ஒரு இடத்தில், திபெத்தியர்களிடம் 87 சதவீதம் காணப்பட்ட வடிவம், அவர்களுக்கு நெருங்கிய உறவினரான ஹான் சீனர்களிடம் 9 சதவீதம்தான் இருந்தது. இவ்வளவு நெருக்கமான இரண்டு மக்களிடையே ஒரே ஒரு இடத்தில் இத்தனை பெரிய வித்தியாசம் மிக அபூர்வம். திபெத்திய வடிவம் இருப்பவர்களுக்கு மோட்டார் அளவுக்கு மீறி ஓடாது. அதனால் ரத்தம் கெட்டியாகாது.

இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். இந்த மரபணு எதிலிருந்து காப்பாற்றுகிறது? வருஷக்கணக்கில் உயரத்தில் வாழ்பவர்களுக்கு ரத்தம் மிதமிஞ்சிக் கெட்டியாகி வரும் நாள்பட்ட மலைநோயிலிருந்து. பெரு நாட்டு மருத்துவர் கார்லோஸ் மோன்ஹே 1925-இல் விவரித்த நோய் அது. ஆண்டிஸ் மலைகளில் அது பெரிய தொல்லை, திபெத்தியர்களிடம் மிகக் குறைவு. கர்ப்ப காலத்திலும் திபெத்தியப் பெண்களுக்குச் சாதகம் உண்டு. ஒரே உயரத்தில் திபெத்தியக் குழந்தைகள் ஹான் குழந்தைகளைவிடக் கூடுதல் எடையோடு பிறக்கின்றன. ஆனால் விமானத்தில் இறங்கி முதல் இரண்டு மூன்று நாளில் வரும் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வேறு சமாச்சாரம். சிவப்பணு பெருகுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். அந்தத் தலைவலிக்கும் அதற்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது.

அப்படியானால் மனைவி சொல்வது முழுக்கத் தப்பா என்றால், அதுவும் இல்லை. காட்மாண்டுவில், அதாவது 1,300 மீட்டரில், பிறந்து வளர்ந்த இரண்டாம் தலைமுறைத் திபெத்தியர்களை எவரெஸ்ட் அடிவாரத்தில் 5,050 மீட்டரில் இருக்கும் பிரமிட் ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப் போய் ஐரோப்பியர்களோடு ஒப்பிட்ட ஒரு ஆய்வு 2004-இல் வந்தது. உங்கள் மனைவிக்கு இதைவிடப் பொருத்தமான ஆய்வு கிடைக்காது. பெற்றோர் மலையில் பிறந்தவர்கள், பிள்ளைகள் கீழே. முடிவு திபெத்தியர்களுக்குச் சாதகம்தான், மற்றவர்களைவிட வேகமாக அந்த உயரத்துக்குப் பழகினார்கள். வேகமாகப் பழகினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். பழகவே தேவையில்லாமல் இருந்தார்கள் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. கீழே வாழும் திபெத்தியருக்கும் ஷெர்பாவுக்கும் மலைநோய் வருவது உண்டு, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வதும் உண்டு. குறைவு, அவ்வளவுதான்.

ஷெர்பா விஷயத்துக்கு வருவோம். குடும்பத்தில் யாரோ எதையோ மறைத்துவிட்டார்களோ என்ற சந்தேகம் உங்கள் கடிதத்தின் தொனியில் தெரிகிறது. அப்படியெல்லாம் எதுவும் இருக்க வேண்டியதில்லை. அந்த டெஸ்ட் உங்கள் மனைவியின் முன்னோர்களைத் தேடிப் பார்ப்பதில்லை. இன்று வாழும் சில மக்களின் மாதிரிகளைக் கையில் வைத்துக்கொண்டு, இவருடைய டிஎன்ஏ துண்டு ஒவ்வொன்றும் அவற்றில் எதைப்போல இருக்கிறது என்று பார்த்துச் சதவீதம் போடுகிறது. ஷெர்பாக்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன் கிழக்குத் திபெத்தின் காம் பகுதியிலிருந்து கிளம்பி, நேபாளத்தில் எவரெஸ்ட் அடிவாரத்தில் இருக்கும் சோலு-கும்புவுக்கு வந்தவர்கள் என்பது அவர்களுடைய சொந்த மரபு. எண்ணிக்கையில் சிறியவர்கள், நேபாளத்தில் ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். சுற்றியிருந்த நேபாள மக்களோடு அதிகம் கலக்காமல் இருந்ததால் அவர்களுடைய டிஎன்ஏ ஒரு தெளிவான முத்திரையோடு நிற்கிறது. கணினி நிரல்களுக்கு இப்படிப்பட்ட மக்கள் ரொம்பப் பிடிக்கும். பழைய திபெத்திய மூலம் எங்கே தென்பட்டாலும் "ஷெர்பா" என்று பெயர் ஒட்டிவிடும்.

ஆராய்ச்சியாளர்களுக்குள்ளேயே இதில் இழுபறி உண்டு. 2014-இல் வந்த ஒரு ஆய்வு, இன்றைய திபெத்தியர்களை இரண்டு பழைய ஊற்றுகளின் கலவை என்றது. ஒன்று இன்றைய ஷெர்பாக்களை ஒத்தது, மற்றது ஹான் மக்களை ஒத்தது. அடுத்த ஆண்டே வேறொரு குழு, ஷெர்பாக்கள்தான் திபெத்தியர்களிலிருந்து அண்மையில் பிரிந்தவர்கள் என்று எழுதியது. பிறகு முழு மரபணுத் தொகுதியைப் படித்தவர்கள் இரண்டு மக்களும் பிரிந்து சில ஆயிரம் ஆண்டுகளாவது ஆகியிருக்கும் என்றார்கள். என் கணிப்பில் கடைசியாகச் சொன்னதுதான் கூடுதல் வலுவுள்ளது. எதுவானாலும் உங்கள் டெஸ்ட் காட்டிய "ஷெர்பா" என்பதை ஒரு பாட்டியாகவோ தாத்தாவாகவோ எடுத்துக்கொள்ளாதீர்கள். போதாக்குறைக்கு மனைவியின் தாத்தா திங்ரிக்காரர். திங்ரிக்கும் கும்புவுக்கும் நடுவே நாங்பா லா கணவாய்தான். உப்பும் தானியமும் யாக் முதுகில் அந்த வழியாகத் தலைமுறை தலைமுறையாகப் போய்வந்தன. ஆட்களும் போய்வந்திருப்பார்கள்.

அந்த 2014 ஆய்வில் உங்கள் கேள்விக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஒன்று உண்டு. திபெத்தியர்களின் மொத்த டிஎன்ஏவில், ஷெர்பாக்களை ஒத்த அந்தப் பழைய மலைவாழ் ஊற்றின் பங்கு ஒரு அளவு. ஈபாஸ்-1, ஈஜிஎல்என்-1 இருக்கும் இடங்களில் மட்டும் பார்த்தால் அதே பங்கு வெகுவாக எகிறிவிடுகிறது. கலப்பு நடந்தபோது மற்ற இடங்களில் யார் துண்டு தங்கினாலும் பரவாயில்லை என்று விட்ட இயற்கை, இந்த இரண்டு இடங்களில் மட்டும் பிடிவாதமாகத் தேர்ந்தெடுத்திருக்கிறது. ஆகவே பூர்விகச் சதவீதம் ஒரு கணக்கு, உயரத்து மரபணு வேறொரு கணக்கு. முதலாவதைப் பார்த்து இரண்டாவதை ஊகிக்க முடியாது.

ஈபாஸ்-1 வடிவம் எங்கிருந்து வந்தது என்ற கதையைக் கேட்டால் பூர்விகம் என்ற எண்ணமே கொஞ்சம் ஆட்டம் கண்டுவிடும். சைபீரியாவின் அல்தாய் மலையில் டெனிசோவா என்றொரு குகை. அங்கே கிடைத்த ஒரு விரல் எலும்பிலிருந்து 2010-இல் டிஎன்ஏ எடுத்தபோது, நம்மினமும் இல்லை நியாண்டர்தாலும் இல்லை, மூன்றாவதாக ஒரு மனித வகை என்று தெரிந்தது. 2014-இல் ராஸ்மஸ் நீல்சன் குழுவினர், திபெத்தியர்களின் ஈபாஸ்-1 துண்டு அந்த டெனிசோவன் டிஎன்ஏவோடு கிட்டத்தட்ட அப்படியே பொருந்துவதைக் காட்டினார்கள். அழிந்துபோன ஒரு மனித வகையோடு நடந்த கலப்பில் வந்த சொத்து அது.

அப்போது கேட்கப்பட்ட கேள்வி, சைபீரியாவில் 700 மீட்டர் உயரத்தில் கிடந்தவர்களுக்கு உயரத்து மரபணு எதற்கு என்பது. 2019-இல் அதற்கு ஒரு பாதி பதில் கிடைத்தது. திபெத்தியப் பீடபூமியின் வடகிழக்கு ஓரத்தில், கான்சு மாகாணத்தின் சியாஹே பகுதியில், பாய்ஷியா என்ற குகை இருக்கிறது, 3,280 மீட்டர் உயரத்தில். 1980-இல் அங்கே தியானம் செய்யப் போன ஒரு பௌத்தத் துறவி ஒரு தாடை எலும்பை எடுத்துவந்தார். பல ஆண்டுகள் அது என்னவென்றே விளங்காமல் கிடந்தது. பல்லில் மிச்சமிருந்த புரதத்தை வைத்து, அது டெனிசோவனுடையது, குறைந்தது 1,60,000 ஆண்டு பழையது என்று பிறகு கண்டறிந்தார்கள். ஏறக்குறைய லே நகரத்தின் உயரத்தில், நம்மினம் அந்தப் பீடபூமிக்கே வராத காலத்தில், ஆட்கள் வாழ்ந்திருக்கிறார்கள். இதை மகளுக்குச் சொல்லுங்கள், ஒன்பது வயதுக்கு இது நல்ல கதை.

பின்னால் வந்த கணக்குகள், அந்தக் கலப்பு ஏறக்குறைய 48,000 ஆண்டுகளுக்கு முன் நடந்திருக்கலாம், ஆனால் இந்த வடிவம் பரவத் தொடங்கியது சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன்புதான் என்கின்றன. நடுவில் உள்ள காலம் முழுக்க அது சும்மா கிடந்திருக்கிறது. உயரத்தில் நிலையாகக் குடியேறிய பிறகுதான் அதற்கு வேலை வந்தது.

மகளுக்கு வந்திருக்குமா? மனிதருக்கு ஒவ்வொரு மரபணுவும் இரண்டு பிரதி, தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. திபெத்தியர்களிடம் அந்த வடிவம் 87 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், மகளுக்கு உங்கள் மனைவி வழியாக ஒரு பிரதி வந்திருக்க ஏறக்குறைய நூற்றுக்கு 87 வாய்ப்பு. உங்கள் வழியாக வர வாய்ப்பே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். ஆகவே அதிகபட்சம் ஒரு பிரதி. 2010 ஆய்வு ஒன்றில், இரண்டு பிரதி உள்ளவர்களைவிட ஒரு பிரதி உள்ளவர்களுக்கு ஹீமோகுளோபின் சராசரியாக 0.8 கூடுதலாக இருந்தது. ஒரு பிரதிக்கு அரைப் பலன் என்று வைத்துக்கொண்டால் பெரிய தப்பில்லை. அந்தப் பலனும் உயரத்தில் நீண்டநாள் வாழ்ந்தால்தான் தெரியும், பத்து நாள் விடுமுறைக்கு அல்ல. தவிர, இது ஒரு மரபணுவின் கதை மட்டுமே. 4,200 மீட்டரில் வாழும் திபெத்தியர்களுக்கு ரத்தத்தில், குழாய்களை விரிக்கும் நைட்ரிக் ஆக்ஸைடின் சேர்மங்கள் சமவெளி மக்களைவிடப் பத்து மடங்குக்கு மேலும், முன்கையில் ரத்த ஓட்டம் இரட்டிப்புக்கு மேலும் இருந்ததாக 2007-இல் அளந்திருக்கிறார்கள். ஷெர்பாக்களின் தசைகள் ஆக்ஸிஜனைச் சிக்கனமாகச் செலவழிப்பதை 2017-இல் காட்டினார்கள். இவையெல்லாம் பல மரபணுக்கள் சேர்ந்து செய்யும் வேலை. பாதிப் பாதி கலந்த ஒரு குழந்தையிடம் எது எப்படி வரும் என்று எந்த டெஸ்டும் சொல்லாது. குழந்தைக்கு டெஸ்ட் எடுக்காதீர்கள். பணம் தண்டம், நல்ல முடிவு வந்தால் அதைவிட ஆபத்து, அதை நம்பி வேகமாக ஏறுவீர்கள்.

பயணத்தை எப்படி அமைப்பது என்று சொல்கிறேன். டெல்லி 200 மீட்டர் சொச்சம், லே 3,500. ஒன்றேகால் மணி நேரத்தில் காற்றில் மூன்றில் ஒரு பங்கு ஆக்ஸிஜனை விட்டுவிட்டுப் போய் இறங்குகிறீர்கள். முதல் இரண்டு நாள் முழுக்க சித்தி வீட்டில் சும்மா இருங்கள். நாள் கைவசம் இருந்தால் ஸ்ரீநகர், கார்கில் வழியாகச் சாலையில் போவது நல்லது. கார்கில் 2,700 மீட்டருக்குள்தான், அங்கே ஒரு இரவு தங்கினால் உடம்பு பழகும். மணாலி வழி வேண்டாம், நடுவில் சார்ச்சு போன்ற இடங்களில் 4,300 மீட்டர் பக்கம் தூங்க வேண்டிவரும்.

கணக்கில் எடுக்க வேண்டியது இரவில் எங்கே தூங்குகிறோம் என்பதை. 3,000 மீட்டருக்கு மேல் போய்விட்டால் ஒரு இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் ஏற்றாமல் இருப்பது பொதுவான விதி. நுப்ரா பள்ளத்தாக்குக்குப் போகும் வழியில் கார்துங் லா கணவாய் 5,359 மீட்டர், ஆனால் நுப்ராவில் டிஸ்கிட் லேயைவிடத் தாழ்வு, அங்கே தங்கலாம். பாங்கோங் 4,250 மீட்டர். ஏரிக்கரைக் கூடாரத்தில் தங்குவது புகைப்படத்துக்கு அழகு, முதல் முறை வரும் குழந்தைக்கு நல்லதில்லை. பயணத்தின் கடைசியில் வையுங்கள், அன்றே திரும்பிவிடுங்கள்.

ஆக்ஸிமீட்டர் எடுத்துப் போவீர்கள் என்று தெரியும். முதல் நாள் 90-க்குக் கீழே காட்டினால் பதறாதீர்கள். திபெத்தியர்களுக்கேகூட அந்த உயரத்தில் ஆக்ஸிஜன் அளவு பெரிதாக ஏறி நிற்பதில்லை, அவர்கள் சமாளிக்கும் வழி வேறு. எண்ணைவிட ஆளைப் பாருங்கள். மகள் விளையாட மறுத்தால், சாப்பாடு இறங்காமல் வாந்தி எடுத்தால், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், நடையில் தள்ளாட்டம் தெரிந்தால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கீழே இறக்க வேண்டும், அல்லது லே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். அவர்கள் கோடை முழுக்க இதைப் பார்க்கிறவர்கள். "அவ அம்மா திபெத்தி, ஒண்ணும் ஆகாது" என்று அப்போது யாராவது சொன்னால் கேட்காதீர்கள், சொல்பவர் சித்தியாகவே இருந்தாலும்.

கடைசியாக, கடிதம் முழுக்க மனைவியையும் மகளையும் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மூன்று பேரில் எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் ஏறப் போகிறவர் நீங்கள்தான். உங்களுக்கு ரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகம் தொடர்பான எதுவும் இருக்கிறதா என்று ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. இருந்தால் முதலில் உங்கள் டாக்டரைப் பாருங்கள். இல்லாவிட்டாலும் மலைநோயைத் தடுக்கும் டயமாக்ஸ் மாத்திரை பற்றிக் கேளுங்கள். பெரியவர்களுக்கு வழக்கமாக 125 மில்லிகிராம் தினம் இரண்டு வேளை, ஏறுவதற்கு முதல் நாளே தொடங்குவார்கள். விரல் நுனி மரத்தாற்போல் குறுகுறுக்கும், சிறுநீர் அடிக்கடி வரும், பயப்பட வேண்டாம். சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தால் கட்டாயம் சொல்லிவிடுங்கள். மகளுக்கு வேண்டுமா என்பதையும் எவ்வளவு என்பதையும் குழந்தை மருத்துவர் எடை பார்த்துச் சொல்லட்டும். உங்கள் மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள்.